வெய்யிலில் உழைக்கும் நமக்கு வைட்டமின் டி பரிசோதனை வேண்டுமா?



இடுப்பு நோவு, தொடை வலி, குந்தினால் எழுந்திருக்க முடியவில்லை என்று யாராவது வாய் திறந்தால் போதும், “வைட்டமின் டி குறைவா இருக்கும், ரத்தம் எடுத்துப் பாருங்க” என்று பக்கத்திலிருப்பவர் சொல்லும் காலம் இது. பட்டணத்துப் பரிசோதனைக் கூடங்களும் சும்மா இருப்பதில்லை. சர்க்கரை, கொழுப்பு, ஈரல், சிறுநீரகம் என்று வரிசையாக அடுக்கி, கடைசியில் வைட்டமின் டியையும் சேர்த்து ஒரு ‘பேக்கேஜ்’ போட்டு விற்கின்றன.

இன்னொரு பக்கம், “விடிஞ்சதிலிருந்து வெளிக்காட்டுல கிடக்கிற நமக்கா வைட்டமின் டி குறையும்? அது ஏர்கண்டிஷன் ரூம்ல உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு வர்ற சீக்கு” என்று சிரித்துவிட்டு, எலும்பு நோவோடு வருஷக் கணக்காகப் பெரட்டுக்குப் போகிறவர்களும் நம்மில் இருக்கிறார்கள்.

இந்த இரண்டு பேச்சுமே நமக்கு நஷ்டத்தைத்தான் கொண்டு வரும். தேவையில்லாதவர் காசை இழக்கிறார். தேவையானவர் உடம்பை இழக்கிறார். ஆகவே இந்தப் பரிசோதனை என்ன, யாருக்கு அது வேண்டும், யாருக்கு வேண்டாம், தாளில் வரும் எண்ணை எப்படிப் படிப்பது என்பதை இந்த மாதம் நிதானமாகப் பார்ப்போம்.

வைட்டமின் டி என்ன செய்கிறது?

மற்ற வைட்டமின்கள் பெரும்பாலும் சாப்பாட்டில்தான் வர வேண்டும். வைட்டமின் டி அப்படியல்ல. வெய்யிலில் உள்ள ஒருவகைக் கதிர் தோலில் பட்டதும், தோலே அதைச் செய்துகொள்கிறது. ஆனால் தோலில் உண்டாகும் சரக்கு அப்படியே வேலைக்கு உதவாது. ரப்பர் பாலை எடுத்துக்கொள்ளுங்கள். மரத்திலிருந்து மங்கில் வடியும் பால் நேரே டயராகி விடுகிறதா? ஸ்டோருக்குப் போக வேண்டும், ஆலைக்குப் போக வேண்டும், அதற்குப் பிறகுதான் சாமானாகும். அதே போலத் தோலில் உண்டாகும் வைட்டமின் டி, ரத்தத்தோடு முதலில் ஈரலுக்குப் போகிறது. ஈரல் அதை ஒரு வடிவமாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது. பிறகு சிறுநீரகம் கடைசி வேலையை முடித்து, உடம்பு பயன்படுத்தும் வடிவமாக்குகிறது.

அதன் முக்கியமான வேலை, நாம் சாப்பிடும் சுண்ணாம்புச் சத்தைக் குடலிலிருந்து ரத்தத்துக்கு இழுத்துக் கொடுப்பது. வைட்டமின் டி மிகவும் குறைந்துவிட்டால், நீங்கள் எவ்வளவு பால் குடித்தாலும் அந்தச் சுண்ணாம்பு சரியாகச் சேராது. வளரும் பிள்ளைகளுக்கு எலும்பு வளைந்து கால் வில்லைப் போல ஆகிவிடும். இதற்கு ரிக்கெட்ஸ் என்று பெயர். பெரியவர்களுக்கு எலும்பு மிருதுவாகி, தட்டினாலும் அழுத்தினாலும் நோகும். தொடையிலும் இடுப்பிலும் உள்ள தசை பலம் இழக்கும்.

இங்கிலாந்திலும் ஐரோப்பாவிலும் புகை மண்டிய தொழிற்சாலைப் பட்டணங்களில், வெளிச்சம் புகாத சந்துகளில் வளர்ந்த தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளைத்தான் ஒரு காலத்தில் இந்த நோய் அதிகமாகப் பிடித்தது. 1919-இல் இங்கிலாந்தில் மெல்லன்பி என்ற மருத்துவர், நாய்க்குட்டிகளுக்கு வந்த ரிக்கெட்ஸ் நோயை மீன் எண்ணெய் தடுக்கிறது என்று காட்டினார். அதே 1919-இல் பெர்லின் நகரத்தில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்பவர், வெய்யிலின் கதிரைப் போன்ற கதிரை வீசும் விளக்கின் கீழ்ப் பிள்ளைகளை வைத்து அதே நோயைக் குணப்படுத்தினார். 1922-இல் அமெரிக்காவின் மெக்காலம், மீன் எண்ணெயில் இருந்த அந்தச் சத்துக்கு வைட்டமின் டி என்று பெயர் வைத்தார். ஏழைத் தொழிலாளியின் பிள்ளைக்கு வெய்யிலும் நல்ல சாப்பாடும் கிடைக்காமல் போனதால் வந்த நோய் இது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

வெய்யில் நாட்டில் குறைவு எப்படி வரும்?

நம் நாடு பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. வருஷம் பூராவும் வெய்யில். அப்படியிருந்தும் குறைவு வருகிறது. அதற்குக் காரணம் உண்டு.

வைட்டமின் டி உண்டாக்கும் கதிர், சூரியன் உயரத்தில் இருக்கும்போதுதான் போதிய அளவு பூமிக்கு வரும். இதற்கு ஒரு சுலபமான அடையாளம் இருக்கிறது. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் அந்தக் கதிர் நன்றாக வருகிறது. நிழல் நீளமாக இருந்தால் வெளிச்சம் இருந்தாலும் அந்தக் கதிர் குறைவு. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கப்பட்டது. அதனால் கோலாலம்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது பகல் 12 மணிக்கு அல்ல, ஏறக்குறைய 1.15 மணிக்கு. நிழல் குட்டையாக இருக்கும் நேரம் காலை 10 மணிக்குமேல் மாலை 4 மணி வரை என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது பால்வெட்டும் ஒரு அக்காவின் நாளை நினைத்துப் பாருங்கள். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் நிரைக்குள் நுழைகிறார். பொழுது விடிவதே 7 மணிக்குமேல்தான். வெட்டி முடிக்கும்வரை மர நிழல். கொசுவுக்காக நீளக் கைச் சட்டை, தலையில் துண்டு, காலில் பூட்ஸ். பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து சமையல் கட்டில் நுழைந்தால் நல்ல வெய்யில் நேரம் உள்ளேயே போய்விடும். “வெளியில வேலை” என்று பேர்தானே தவிர, தோலில் வெய்யில் பட்டது கொஞ்சம்தான். செம்பனைக் காட்டிலும் இதே கதைதான். வளர்ந்த மரத்தின் மட்டைகள் வானத்தை மூடிக்கொள்கின்றன. மருந்து தெளிப்பவர்கள் உச்சி முதல் பாதம் வரை மூடிக்கொண்டு வேலை செய்கிறார்கள். அப்படித்தான் செய்யவும் வேண்டும்.

அதோடு, நம் கறுத்த தோல் இயற்கை கொடுத்த குடை. அது வெய்யிலின் கெடுதலிலிருந்து காக்கிறது. ஆனால் அதே காரணத்தால், வெள்ளைத் தோல்காரர் சில நிமிஷத்தில் செய்துகொள்ளும் வைட்டமின் டியை நம் தோல் செய்ய அதைப் போலப் பல மடங்கு நேரம் வேண்டும். வயது ஏற ஏற அந்தச் சக்தியும் குறைகிறது. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வரும் வெய்யிலில் அந்தக் கதிர் கிடையாது. தொழிற்சாலைப் பஸ்ஸில் ஏறி, விளக்கு வெளிச்சத்தில் 12 மணி நேரம் வேலை பார்த்து, இருட்டில் திரும்பும் நம் பெண் பிள்ளைகளின் நிலையைச் சொல்லவே வேண்டாம்.

அதற்காக, தோட்டத்தில் இருக்கிற எல்லாருக்கும் குறைவு என்று பயந்துவிடாதீர்கள். 2013-இல் வெளியான ஒரு மலேசிய ஆய்வில், பட்டணத்துப் பெண்களையும் கிராமத்துப் பெண்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கிராமத்துப் பெண்களின் ரத்தத்தில் வைட்டமின் டி ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. ஆக, வெளியில் நடமாடுவது உதவத்தான் செய்கிறது. யார் எவ்வளவு மூடிக்கொண்டு, எந்த நேரத்தில், எந்த நிழலில் வேலை செய்கிறார் என்பதைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும்.

சரியான பரிசோதனை எது?

கையில் ரத்தம் எடுத்துப் பார்ப்பதுதான் பரிசோதனை. பட்டினி கிடக்க வேண்டியதில்லை, பசியாறிவிட்டே போகலாம். ஆனால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஈரல் செய்து ரத்தத்தில் விடும் வடிவத்தைத்தான் அளக்க வேண்டும். அதன் பெயர் 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி. இது ரத்தத்தில் வாரக் கணக்கில் தங்குவதால், உடம்பின் கையிருப்பு என்ன என்பதைக் காட்டும்.

சிறுநீரகம் செய்யும் கடைசி வடிவத்துக்கு 1,25 என்று தொடங்கும் பெயர். அது சில மணி நேரம்தான் ரத்தத்தில் நிற்கும். கையிருப்பு காலியாகிக்கொண்டிருக்கும்போதும் உடம்பு அதைச் சிரமப்பட்டுச் செய்துகொண்டே இருக்கும். அதனால் அந்த எண் சரியாகவோ கூடுதலாகவோகூட வரலாம். அதைப் பார்த்து “குறைவு இல்லை” என்று நினைத்தால் ஏமாந்து போவோம். சிறுநீரக நோய் போன்ற சில காரணங்களுக்கு மட்டும் டாக்டர் அதைக் கேட்பார். சாதாரணமாக நமக்கு வேண்டியது ‘25’ பரிசோதனை.

இன்னொன்று. முடியும் நகமும் வளர்வதற்கென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பயோட்டின் அதிகமாக ரத்தத்தில் இருந்தால் சில கருவிகள் தப்பான எண்ணைக் காட்டும் என்று 2017-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. சில வைட்டமின் டி பரிசோதனைகளுக்கும் இது பொருந்தும்.

தாளில் உள்ள எண்ணைப் படிப்பது எப்படி?

இங்கேதான் பலபேர் தடுமாறுகிறார்கள். வைட்டமின் டியை அளக்க இரண்டு விதமான அளவை இருக்கிறது. ஒன்று நானோகிராம் கணக்கு. மற்றொன்று நானோமோல் கணக்கு. நானோகிராமில் 1 என்றால் நானோமோலில் 2.5. கட்டியையும் கிலோவையும் போலத்தான் இதுவும். எந்தக் கணக்கு என்று தெரியாமல் எண்ணை மட்டும் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

ஓர் உதாரணம். உங்கள் தாளில் 45 என்று போட்டிருக்கிறது. அது நானோகிராமானால் தாராளமாக இருக்கிறது, கவலை வேண்டாம். அதே 45 நானோமோலானால், நானோகிராம் கணக்கில் 18-தான். கொஞ்சம் குறைவு. ஆகவே எண்ணுக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை டாக்டரிடமோ மிஸ்ஸியிடமோ முதலில் கேளுங்கள்.

அடுத்து, எந்த எண்ணுக்குக் கீழே இருந்தால் குறைவு? அமெரிக்காவின் மருத்துவக் கழகம் 2011-இல் வெளியிட்ட கணிப்பின்படி, 12 நானோகிராமுக்குக் கீழே, அதாவது 30 நானோமோலுக்குக் கீழே இருந்தால் எலும்புக்கு ஆபத்து வரக்கூடிய குறைபாடு. 20 நானோகிராம், அதாவது 50 நானோமோல் இருந்தால் ஏறக்குறைய எல்லாருக்கும் போதும். இடையில் இருப்பவர்களில் சிலருக்குப் போதாது, சிலருக்குப் போதும். 50 நானோகிராமைத் தாண்டினால் நன்மை கூடுவதில்லை, கெடுதல் வரலாம்.

ஆனால் அதே 2011-இல் இன்னொரு அமைப்பு, நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களின் அமெரிக்கச் சங்கம், 30 நானோகிராம் வேண்டும் என்று சொன்னது. அந்த எண்ணைப் பல பரிசோதனைக் கூடங்கள் பிடித்துக்கொண்டன. விளைவு என்ன? 24 வந்த ஆளுக்கும் தாளில் சிவப்பு அடையாளம். நல்ல உடம்போடு இருந்தவர் நோயாளியாகி வீடு திரும்பினார். 2024-இல் அதே சங்கம் தன் வழிகாட்டியைத் திருத்தியது. அந்த 30 என்ற எல்லையை அது இப்போது ஆதரிப்பதில்லை. நோய்க்குறி இல்லாத ஆரோக்கியமான பெரியவர்களுக்கு வழக்கமாக இந்தப் பரிசோதனை செய்ய வேண்டாம் என்றும் சொல்லிவிட்டது. ஆகவே சிவப்பு மையைப் பார்த்ததும் மாத்திரைக் கடைக்கு ஓடாதீர்கள். எண் எத்தனை, உடம்பில் நோய்க்குறி இருக்கிறதா என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

யார் அவசியம் கேட்க வேண்டும்?

கீழே உள்ளவற்றில் ஏதாவது உங்களுக்கோ வீட்டிலுள்ளவர்களுக்கோ பொருந்தினால், “வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்” என்று விட்டுவிடாமல் கிளினிக்கில் சொல்லுங்கள்.

குந்திய இடத்திலிருந்து கையை ஊன்றாமல் எழ முடியவில்லை, படி ஏறத் தொடை ஒத்துழைக்கவில்லை, வாத்தைப் போல ஆடி ஆடி நடக்க வேண்டியிருக்கிறது என்றால் ஒன்று. விலா எலும்பு, முழங்காலுக்குக் கீழே உள்ள முன் எலும்பு இவற்றை விரலால் அழுத்தினால் நோகிறது என்றால் இரண்டு. சும்மா வழுக்கி விழுந்ததற்கே எலும்பு முறிந்தது என்றால் மூன்று.

ஒன்றரை வயது தாண்டியும் நடக்காத குழந்தை, கால் வளைந்துகொண்டே போகும் குழந்தை, மணிக்கட்டு தடித்துத் தெரியும் குழந்தை இருந்தால் நான்கு. சிறு குழந்தைக்குக் கால் லேசாக வளைந்திருப்பது இயற்கைதான். ஆனால் எது இயற்கை, எது நோய் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

சில நோய்களும் மருந்துகளும் வைட்டமின் டியைக் குறைக்கும். நாள்பட்ட சிறுநீரக நோய், ஈரல் நோய், சாப்பாடு செரித்துச் சேராத குடல் நோய் இவை ஒரு வகை. வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் பெனிட்டாய்ன், பெனோபார்பிட்டால், கார்பமாசெப்பின், காச நோய்க்குக் கொடுக்கும் ரிபாம்பிசின் ஆகிய மருந்துகள் இன்னொரு வகை. இவற்றை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. “நான் இந்த மருந்து சாப்பிடுறேன், எலும்பு நோகுது” என்று சொன்னால் போதும்.

நீரிழிவுக்காரர்கள் இதைக் கூர்ந்து படியுங்கள். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் ஏறக்குறைய 5 பேரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். நீரிழிவு சிறுநீரகத்தைக் கெடுத்தால், வைட்டமின் டியின் கடைசி வேலை நடக்காது. அப்போது கடையில் வாங்கும் சாதாரண மாத்திரை மட்டும் போதாமல் போகலாம். வேறு வகை மருந்தை டாக்டர் கொடுக்க வேண்டியிருக்கும். ஆகவே அவர்கள் முதலில் கேட்க வேண்டியது, “டாக்டர், என் சிறுநீரகம் எப்படி இருக்கு?” என்பதே.

ஸ்டீராய்டு மருந்து நெடுநாள் சாப்பிட்டவர்களுக்கும் எலும்பு பலவீனமாகும். மூட்டு வலிக்கு என்று சந்தையிலும் வீட்டு வாசலிலும் விற்கும் பதிவில்லாத மாத்திரைகளிலும் ஜாமுவிலும் ஸ்டீராய்டு கலந்திருப்பதை சுகாதார அமைச்சு பல முறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. “சாப்பிட்ட மறுநாளே வலி பறந்து போச்சு” என்று சொன்னால் அங்கேதான் சந்தேகம் வர வேண்டும். எம்.ஏ.எல். என்ற மூன்று எழுத்தில் தொடங்கும் பதிவு எண் அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

யாருக்கு வேண்டாம்?

நன்றாகச் சாப்பிட்டு, வேலைக்குப் போய், நோய்க்குறி ஒன்றுமில்லாமல் இருப்பவருக்கு இந்தப் பரிசோதனையால் பெரிய லாபம் கிடையாது. பணக்கார நாடுகளே இந்த முடிவுக்கு வந்துவிட்டன. கனடாவின் ஒண்டேரியோ மாநிலம் 2010-இலும், ஆஸ்திரேலியா 2014-இலும், குறிப்பிட்ட காரணம் இருந்தால்தான் அரசாங்கம் இதற்குப் பணம் கொடுக்கும் என்று கட்டுப்படுத்தின.

மாத்திரை சாப்பிட்டால் புற்றுநோய் வராது, மாரடைப்பு வராது என்றெல்லாம் சொல்கிறார்களே, அது உண்மையா? அமெரிக்காவில் 25,871 பேரை வைத்து ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். தினமும் 2,000 யூனிட் வைட்டமின் டி சாப்பிட்டவர்களுக்கும், சத்தில்லாத மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் புற்றுநோய், மாரடைப்பு வருவதில் வித்தியாசம் இல்லை என்று 2018-இல் முடிவு வந்தது. எலும்பு முறிவும் குறையவில்லை என்று 2022-இல் தெரிந்தது. அந்தச் சோதனையில் கலந்துகொண்டவர்களில் பெரும்பாலோருக்கு ஆரம்பத்திலேயே குறைவு இல்லை. பானை நிறைந்திருந்தால் மேலும் ஊற்றுவது வழிந்துதான் போகும். குறைவு உள்ளவர்களுக்கு மருந்து வேண்டும் என்பதை இது மறுக்கவில்லை.

தனியார் கூடத்தில் இந்த ஒரு பரிசோதனையே நூறு வெள்ளியைத் தாண்டக்கூடும். நோய்க்குறி இல்லாதவர் அந்தக் காசுக்கு முட்டையும் மீனும் வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்.

கர்ப்பிணிகள், 75 வயதைத் தாண்டிய பெரியவர்கள், வளரும் பிள்ளைகள் இவர்களுக்குச் சோதிக்காமலேயே அளவோடு வைட்டமின் டி கொடுக்கலாம் என்று மேலே சொன்ன 2024 வழிகாட்டி கூறுகிறது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் கைக்குழந்தைக்கு நாளுக்கு 400 யூனிட் சொட்டு மருந்து தரலாம் என்பது பல நாட்டுக் குழந்தை மருத்துவர்களின் கருத்து. தாய்மார்கள் கிளினிக்கில் மிஸ்ஸியிடம் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

குறைவு என்று வந்தால்?

முதலில், அந்த ஓர் எண்ணோடு நிற்கக் கூடாது. சுண்ணாம்புச் சத்து, பாஸ்பேட், ஆல்கலைன் பாஸ்படேஸ், சிறுநீரகம் இவற்றையும் டாக்டர் பார்ப்பார். எலும்பு உண்மையில் பாதிக்கப்பட்டிருக்கிறதா என்பதை அவைதான் சொல்லும்.

பிறகு மருந்து. சாதாரணமாகப் பெரியவருக்கு நாளுக்கு 600 யூனிட் போதும், 70 வயதுக்குமேல் 800 யூனிட். டாக்டர் சொல்லாமல் 4,000 யூனிட்டைத் தாண்டக் கூடாது. சில புட்டியில் யூனிட் என்று போடாமல் மைக்ரோகிராம் என்று போட்டிருப்பார்கள். 10 மைக்ரோகிராம் என்றால் 400 யூனிட்.

குறைவு கடுமையாக இருந்தால், வாரத்துக்கு ஒரு முறை 50,000 யூனிட் வீதம் 8 வாரம் என்பது டாக்டர்கள் கையாளும் முறைகளில் ஒன்று. இதில்தான் பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. வாரம் ஒன்று என்பதை நாள் ஒன்று என்று நினைத்துச் சாப்பிட்டுவிடுகிறார்கள். ஊருக்குப் போய்வரும் நம் மக்கள் சிலர், இந்தியாவில் விற்கும் 60,000 யூனிட் தூளையோ மாத்திரையையோ வாங்கி வந்து, சொந்தக்காரருக்கும் பங்கு போட்டுக் கொடுக்கிறார்கள். அதுவும் வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் கொடுக்கப்படும் மருந்துதான். தினமும் விழுங்கினால் ரத்தத்தில் சுண்ணாம்பு ஏறிவிடும். வாந்தி, பசியின்மை, தீராத தாகம், அடிக்கடி ஒன்றுக்குப் போவது, மலச்சிக்கல், புத்தி தடுமாற்றம் இவை அடையாளங்கள். கல் உண்டாகும். சிறுநீரகமே கெட்டுப் போகலாம். இப்படி ஏதாவது கண்டால் மருந்தை நிறுத்திவிட்டு, அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மொத்தமாக ஒரே தடவை கொடுத்துவிட்டால் தொல்லை இல்லையே என்று ஆஸ்திரேலியாவில் ஒரு சோதனை செய்தார்கள். 70 வயதைத் தாண்டிய பெண்களுக்கு வருஷத்துக்கு ஒரு முறை 5 லட்சம் யூனிட் கொடுத்தார்கள். அவர்கள் கீழே விழுவதும், எலும்பு முறிவதும் கூடியது என்று 2010-இல் தெரிய வந்தது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

மருந்து தொடங்கி ஏறக்குறைய 3 மாதம் கழித்துத்தான் மறுபடியும் ரத்தம் பார்க்க வேண்டும். மாதா மாதம் பார்ப்பது வீண் செலவு.

வெய்யிலும் சாப்பாடும்

வேலை முடிந்து வந்த பிறகு, முழங்கையும் முழங்காலும் தெரிய, நல்ல வெய்யிலில் கொஞ்ச நேரம் துணி காயப் போடுங்கள், காய்கறிப் பாத்தியைக் கொத்துங்கள். தோல் எரியும்வரை நிற்க வேண்டியதில்லை. வாரத்தில் சில நாள் செய்தாலே பலன் உண்டு. வெய்யிலால் வைட்டமின் டி அளவுக்கு மிஞ்சிப் போகாது, தேவையானதோடு தோல் நிறுத்திக்கொள்ளும். ஆனால் உச்சி வெய்யிலில் மயங்கி விழும் ஆபத்து இருக்கிறது. தண்ணீர் குடியுங்கள், தலையை மூடிக்கொள்ளுங்கள்.

மருந்து தெளிக்கும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. வைட்டமின் டி வேண்டும் என்பதற்காக வேலை நேரத்தில் பாதுகாப்பு உடுப்பைக் கழற்றவே கூடாது. விஷத்தின் முன் இந்தக் கணக்கெல்லாம் எடுபடாது. வேலை முடிந்து, சோப்புப் போட்டுக் குளித்து, உடை மாற்றிய பிறகே வெய்யில்.

சாப்பாட்டில் மீன்தான் முதலிடம். டின்னில் வரும் சார்டின் மலிவான நல்ல சாமான். முட்டையின் மஞ்சள் கருவிலும் இருக்கிறது, ஆனால் ஒரு முட்டையில் 40 யூனிட் சொச்சம்தான். சாப்பாட்டால் மட்டும் முழுத் தேவையும் தீராது என்பது இதிலிருந்தே தெரியும். வைட்டமின் டி இழுத்துக் கொடுக்க உள்ளே சுண்ணாம்பும் இருக்க வேண்டுமே! முள்ளோடு சாப்பிடும் இக்கான் பிலிஸ், கேழ்வரகுக் கூழ், முருங்கைக் கீரை இவற்றில் சுண்ணாம்புச் சத்து ஏராளம். முருங்கை மரம் வேலியோரத்தில் சும்மா நிற்கிறது. பறித்துச் சமைக்கலாமே!

எங்கே போவது, என்ன கேட்பது?

முதலில் உங்கள் தோட்டத்து மருத்துவ உதவியாளரையோ, அரசாங்கக் கிளினிக்கையோ பாருங்கள். அரசாங்கக் கிளினிக்கில் மலேசியக் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. எல்லாக் கிளினிக்கிலும் இந்தப் பரிசோதனை வசதி இருக்காது. தேவை என்று டாக்டர் நினைத்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்.

“முதுகு வலி” என்று மட்டும் சொல்லிவிட்டு, வலி மாத்திரையோடு திரும்பி வராதீர்கள். “குந்தினா எழும்ப முடியல, இத்தனை மாசமா இருக்கு, இந்த மருந்தெல்லாம் சாப்பிடுறேன்” என்று முழுசாகச் சொல்லுங்கள். சாப்பிடும் எல்லா மருந்து அட்டையையும் பையில் போட்டுக் கொண்டு போங்கள். டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். என் நோய்க்கு வைட்டமின் டி பரிசோதனை தேவையா? எண் குறைந்தால் என்ன செய்வீர்கள்? வேறு காரணம் எதையாவது பார்க்க வேண்டுமா? எல்லா வலியும் வைட்டமின் டியால் வருவதல்ல. பாரமான குலையைத் தூக்கித் தேய்ந்த முதுகுக்கு எந்த வைட்டமினும் மருந்தாகாது. அதற்கு வேலை முறையே மாற வேண்டும், அதைச் சங்கத்தில்தான் பேச வேண்டும்.

டாக்டரைப் பார்க்க ஒரு நாள் போனால் சம்பளம் போய்விடும் என்று தள்ளிப் போடுகிறவர்கள் பலர். தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் நமக்குச் சம்பளத்தோடு நோய் விடுப்புக் கொடுத்திருக்கிறது. 2 ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருஷத்துக்கு 14 நாள், 2 முதல் 5 ஆண்டுக்குள் 18 நாள், 5 ஆண்டும் அதற்கு மேலும் 22 நாள். டாக்டரின் சான்றிதழை வாங்கி, உரிய நேரத்தில் நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். இதில் தகராறு வந்தால் தோட்டக் கமிட்டியிடம் சொல்லுங்கள்.

எலும்பு நமக்கு முதல். சம்பளம் வாங்கும் கையையும், நிரை நிரையாக நடக்கும் காலையும் தாங்கி நிற்பது அதுதான். இந்தப் பக்கத்தை வீட்டில் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். குந்தி எழ முடியாமல் சுவரைப் பிடித்துக்கொள்ளும் பாட்டி உங்கள் வரிசையில் இருந்தால், இந்த வாரமே அவரைக் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.